ஸ்வாப்: ‘மாற்று நினைவகம்’ வேண்டாம், ‘இடமாற்றுப் பரப்பு’

வணக்கம்.

நமது லினக்ஸ் நிறுவல் வழிகாட்டியில் ஸ்வாப் (ரேமிலிருந்து நகர்த்தப்படும் தரவுக்காக வட்டில் ஒதுக்கும் இடம்) அளவைப் பற்றிய பகுதிக்கு ‘மாற்று நினைவகம்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மாற்று’ என்றதும், ரேம் தீர்ந்தால் அதன் வேலையை வட்டு பார்த்துக்கொள்ளும் என்று பயனர் எண்ணிவிடுவார். 4 ஜிபி ரேமுடன் 16 ஜிபி ஸ்வாப் ஒதுக்கிவிட்டு, கணினி ஏன் ஊர்கிறது என்று நம்மிடமே கேட்பார்.

நடப்பது வேறு. நிரல்கள் நெடுநேரம் தொடாத நினைவகப் பக்கங்களை, அதாவது ரேமின் சிறு துண்டுகளை, இயங்குதளத்தின் மையமான கருநிரல் (கெர்னல்) வட்டுக்கு நகர்த்தி, காலியான இடத்தை வேறு பணிக்குக் கொடுக்கிறது. கோப்பிலிருந்து படிக்கப்பட்டு மாறாமல் இருக்கும் பக்கத்தை அப்படியே கைவிட்டு, வேண்டும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம் என்பதால் அதற்கு ஸ்வாப் தேவையே இல்லை. இடம் மாறுவதுதான் இங்கே செயல். ஆகவே ‘இடமாற்றுப் பரப்பு’ என்பதே என் பரிந்துரை. ஸ்வாப் தனி வட்டுப் பிரிவகமாக இருந்தாலும் கோப்பாக இருந்தாலும் இது பொருந்தும். கருநிரல் எந்த அளவுக்கு இடமாற்ற முனைகிறது என்பதைக் குறிக்கும் அமைப்பான ‘ஸ்வாப்பினெஸ்’ என்பதை ‘இடமாற்று நாட்டம்’ எனலாம். லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 60.

‘ரேமைப் போல் இரு மடங்கு’ என்ற வரியை வழிகாட்டியிலிருந்து நீக்கிவிட வேண்டும். 2001இல் வந்த லினக்ஸ் 2.4 கருநிரலின் தொடக்கப் பதிப்புகளில், ரேமுக்குத் திரும்பிய பக்கத்தின் வட்டிடம் விடுவிக்கப்படாமலே இருந்ததால் அந்த விதிக்குப் பொருள் இருந்தது. இன்று 32 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு 64 ஜிபி ஒதுக்கச் சொல்வது வட்டை வீணாக்குவதே. ஹைபர்னேஷன் (நடப்பு நிலையை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தல்) வேண்டுவோர் ரேம் அளவுக்கு ஒதுக்கிக்கொள்ளட்டும். ரேமின் உள்ளடக்கம் அங்குதான் எழுதப்படுகிறது. மற்றவர்களுக்குச் சில ஜிபி போதும்.

அளவு சரிதானா என்பதை ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் பார்க்கலாம். ஸ்வாப் ஓரளவு நிரம்பியிருந்தும் ‘எஸ்ஐ’ (வட்டிலிருந்து ரேமுக்கு வருவது), ‘எஸ்ஓ’ (ரேமிலிருந்து வட்டுக்குப் போவது) பத்திகள் சுழியத்திலேயே நின்றால் கவலையில்லை. இரண்டும் ஓயாமல் பெரிய எண்களைக் காட்டினால் தேவைப்படுவது ரேம்தான், கூடுதல் ஸ்வாப் அன்று. இந்நிலைக்கு, அதாவது ‘த்ராஷிங்’ என்பதற்கு, ‘அலைக்கழிவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அது சற்று இலக்கிய வாடையுடன் ஒலிப்பதால், இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பின் தெரிவிக்கவும்.