ஊர்க் குழு அடங்கிப்போனபோது என்ன செய்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் பக்கத்து ஆள்:

எங்கள் செட்டிநாட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோயில் கணக்கில் எங்களுக்கு 200 புள்ளிக்கு மேல் உண்டு. (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி.) ஆனால் ஊரில் தினமும் விளக்கேற்றுகிற வீடு இருபதுகூட இல்லை. மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர், பினாங்கு, நியூஜெர்சி என்று இருக்கிறார்கள்.

கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிய குழு இது. அந்த ஒன்றரை வருடமும் கலகலவென்று இருந்தது. மண்டலாபிஷேகம் முடிந்த கையோடு அடங்கிவிட்டது. காலை வணக்கம் சொல்லும் பூப்படம், ராசிபலன், எங்கிருந்தோ வந்த கைவைத்தியம், அவ்வளவுதான்.

என்னைச் சுருக்கென்று தைத்தது ஒரு சாவு. ஊரில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் தவறிப்போனார். செய்தி போட்டேன். ‘ஓம் சாந்தி’, ‘ஆழ்ந்த இரங்கல்’, கைகூப்பும் படம் என்று எழுபது பதில் வந்தது. அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியூரிலிருந்து யார் வந்து வீட்டைத் திறந்தாலும், முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லி கொடுத்துவிடுகிற மனிதர் அவர். அதை நான்கு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது: “எங்க வீட்டுக்கும் அந்தத் தூக்கு வந்திருக்கு தம்பி. மேல் தட்டுல மொளகாப் பொடி, எண்ணெய் விட்டுக் குழைச்சே இருக்கும்.” அன்று நடுராத்திரி வரை பேச்சு ஓயவில்லை.

அப்புறம் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. 21 இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் வாங்கிக்கொள்கிற நோன்பு. அந்த 21 நாளும் தினம் ஒரு கேள்வி போடுவது என்று முடிவு செய்தேன். முதல் நாள், எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் கிடந்த பழைய பனையோலைக் கொட்டானை (சிறு கூடை) படமெடுத்துப் போட்டு, “இதில் உங்கள் வீட்டில் என்ன வைப்பார்கள்?” என்று மட்டும் கேட்டேன். பினாங்கில் இருக்கும் ஓர் ஆச்சி, ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை எழுதாதவர், கல்யாணத்துக்கு முன்னால் தாம் பின்னிய கொட்டானை மடியில் வைத்துப் படம் அனுப்பினார். விளிம்பில் ஒரு மணிகூட உதிரவில்லை.

உங்கள் ஊர்க் குழுக்களில் எப்படி? எழுதுங்கள்.

பள்ளத்தூர் மகள், சிங்கப்பூர்:

அண்ணன், நானும் அந்த எழுதாத கூட்டம்தான். எங்கள் குழுவில் மாமியார், சம்பந்தி வீட்டார், அப்பச்சியின் பங்காளிகள் என்று 300 பேர். தமிழ் நன்றாகப் பேசுவேன், தட்டத்தான் வராது. ஆங்கிலத்தில் போட்டால் தமிழ் மறந்துபோச்சு என்பார்களோ என்று பயம். ஆனால் ஒரு செய்தி விடாமல் படிப்பேன். பேசாதவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

குழுவைப் பார்த்துக்கொள்கிற அயித்தை ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டார். ஏன் பேசுவதில்லை என்று கேட்கவே இல்லை. “மனகோலத்துக்கு ஒங்க ஆயா பாகு வைக்கிற பதம் இங்க யாருக்கும் வரலை. நீ பக்கத்துல நின்னு பார்த்தவ. பேசி அனுப்பு” என்றார். (மனகோலம் வெல்லப் பாகில் செய்கிற பலகாரம்.) அடுப்பில் வெல்லத்தை ஏற்றிவிட்டே பேசினேன். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் போட்டேன். ‘டங்’ என்றால் பதம் வந்துவிட்டது. அந்தச் சத்தம் பதிவிலேயே விழுந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வீடுகளிலிருந்து ஒன்பது ‘டங்’ வந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது வாரம் தவறாமல் பேசுகிறேன்.

காரைக்குடி, பழைய மாணவர்:

எங்களுடையது பள்ளித் தோழர்கள் குழு. 1024 பேர் வரை சேர்க்கலாமே என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்தோம். தேர்தல் நேரத்தில் சண்டை. நான் அவசரப்பட்டு, நடத்துபவர்கள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டேன். சண்டை நின்றது. ஆனால் நான்கு மாதத்தில் நாற்பது பேர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார்கள். பூட்டியது தப்பு என்று எழுதி மன்னிப்புக் கேட்டு, திறந்துவிட்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று வாக்கெடுப்பு வைத்தோம். அரசியலுக்குத் தனிக் குழு போனது. அவர்களே வைத்த விதி என்பதால் அவர்களே காக்கிறார்கள், நான் குறுக்கே போகவேண்டியதே இல்லை. வெளியேறியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பதினெட்டுப் பேர் திரும்பினார்கள்.

கானாடுகாத்தான் பக்கத்து ஆள்:

போனில் கூப்பிட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரி. தங்கச்சி, உங்கள் அயித்தைக்கு என் வணக்கம்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, நேரம். காலை 6 மணிக்குப் போட்டால் சிங்கப்பூரில் 8.30, எல்லாரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் இங்கே சாயங்காலம் 7 என்றால் அங்கே ராத்திரி 9.30, நியூஜெர்சியில் காலை 8.30. மூன்று பக்கமும் கையில் போன் இருக்கும். முதல் பதில் வரும்போது நானும் இருந்து, முறை சொல்லி மறுமொழி எழுதுவேன்: “அம்மான், அது உங்கள் ஐயா வாங்கியதா?” 21 நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டேன், தினமும் கேட்டால் சலித்துவிடும். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும்.

இந்த வெள்ளிக்கு ஒரு சாவி எடுத்து வைத்திருக்கிறேன். பித்தளை, என் உள்ளங்கையைவிட நீளம். எங்கள் வீட்டு எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. பங்காளி வீடுகளில் யாரிடமாவது பூட்டு இருக்கும்.