ஈரக்காற்றில் பெரோவ்ஸ்கைட்டுக் கலம்: என் அனுபவம்

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படித்த காலத்தில் பெரோவ்ஸ்கைட்டு என்ற பளிங்குப் பொருளை மெல்லிய படலமாகப் பூசிச் சூரியக்கலம் செய்து பார்த்தேன். ஒளியை மின்னாக்கும் வினைத்திறனை எப்படிக் கூட்டுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாதி வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். கரைசல் இட்ட கண்ணாடித் தகடு வேகமாகச் சுழலும்போதே, கரைப்பானை அகற்றிப் பளிங்கு உருவாக வைக்கும் குளோரோபென்சீனை விடவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் படலம் மங்கிவிடும். நேரம் சரியாக அமைந்தால், 100 பாகைச் சூட்டுத் தட்டில் வைத்ததும் கறுத்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். பளிங்குகள் இடைவெளியின்றி நெருங்கி வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். குறைபாடுகள் இருந்தால், ஒளி கிளப்பிய இலத்திரன் வெளியே வருமுன் அங்கேயே மீளச் சேர்ந்து வீணாகிவிடும். மின்னழுத்தமும் விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் திறந்த மேசையில் செய்ய எனக்கு மனம் வராது. நைதரசன் நிரப்பிய பெட்டிதான் வழி. வெளியே எடுத்த கலத்தையும் ஈரம் விடாது. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தால் அது பெரோவ்ஸ்கைட்டு சிதைந்து பிரிந்துபோன ஈய அயடைட்டு.

2009இல் ஜப்பானில் ஆய்வாளர் மியாசாகாவின் குழு 3.8 சதவீத வினைத்திறன் காட்டியது. இன்று 26ஐத் தாண்டிவிட்டது, ஆனால் பெரும்பாலும் விரல் நகமளவுக் கலங்களில். மேற்பரப்புக் குறைபாடுகளை மூலக்கூறுகளால் மூடியதுதான் பிந்திய ஏற்றத்துக்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கோப்பாயில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மாமா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உது எத்தனை வருசம் நிண்டு பிடிக்கும் தம்பி?" என்றார். சிலிக்கன் பனலுக்கு 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

—

வாசகர் ஒருவரின் பதில்: அண்ணை, மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் இதே வேலையில் இருந்தனான். மேலே இன்னொரு கண்ணாடி வைத்து விளிம்பைப் பியூட்டைல் இறப்பரால் அடைத்துப் பாருங்கோ. அடைக்காத துண்டு பக்கத்தில் மஞ்சளாகிக் கிடக்க, அடைத்தது கறுப்பாகவே இருந்தது. பெரோவ்ஸ்கைட்டில் உள்ள மெதைல் அமோனியம் என்ற கூறைக் குறைத்து ஃபோர்மமிடினியமும் சீசியமும் சேர்த்தால் சூட்டையும் கூடத் தாங்கும். அப்புறம், பனல்களுக்கு வைக்கிற 85 பாகை, 85 சதவீத ஈரப்பதன், 1000 மணித்தியாலச் சோதனை இருக்கிறதல்லவா? வினைத்திறனைப் போடும்போது அதில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.