லினக்ஸ் டிரைவரின் பிழைப்பாதையில் (ஒரு படி தோற்றால் ஓடும் வரிகளில்) சிறு மாற்றம்: அதற்கு நீங்கள் சொன்ன காரணம் ஏற்கப்பட்டதா?

நாகர்கோவில் உறுப்பினர்:
முப்பந்தல் காற்றாலைகளில் பொருத்தும் கண்காணிப்புப் பெட்டிகளுக்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுதும் சிறு குழுவில் இருக்கிறேன். எங்கள் சென்சார் டிரைவரில், சாதனத்தை இயங்கத் தயார்செய்யும் புரோப் ஃபங்ஷனில், எந்தப் படி தோற்றாலும் அதுவரை பெற்ற நினைவகம் போன்ற வளங்களை விடுவிக்கும் வரிகள் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. குழுவின் இளையவர் அவற்றை ஃபங்ஷனின் இறுதியில் லேபிள்களின் (பெயரிட்ட இடங்களின்) கீழ் ஒருமுறை மட்டும் எழுதி, கோட்டூ (goto) கட்டளை மூலம் அங்கே தாவும்படி மாற்றினார். மாற்றத்தில் குறையில்லை, வேகம் கூடும் என்று அவர் எழுதியிருந்த காரணத்தைத்தான் மூத்தவர் ஏற்க மறுத்தார்.

"சென்சார் கிடைக்காதபோது மட்டும் ஓடுகிற வரிகள் இவை, தம்பி. அந்த நேரத்தில் வேகம் யாருக்கு வேண்டும்?" என்றார்.

பிறகு பழையதையும் புதியதையும் கம்பைல் செய்து கோப்பின் பகுதிகளின் அளவைக் காட்டும் சைஸ் கட்டளையால் ஒப்பிட்டபோது, இயந்திர நிரல் இருக்கும் டெக்ஸ்ட் பகுதி சற்றே சுருங்கியிருந்தது. ஒரே மாதிரியான முடிவுப் பகுதிகளைக் கம்பைலரே பல வேளைகளில் இணைத்துவிடும் என்பதால், அதையும் பெரிதாகக் காட்ட மூத்தவர் விடவில்லை. கடைசியில் நின்ற காரணம் வேறு: இனி ஒரு வளத்தைப் புதிதாகச் சேர்ப்பவர் அதை விடுவிக்கும் வரியை ஒரே இடத்தில் எழுதினால் போதும், பெற்ற வரிசைக்கு நேர் எதிராக விடுவிக்கிறோமா என்பதும் உடனே தெரிந்துவிடும். நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் ஃபெயில்ஸ்லாப் வசதியால் அந்தப் பாதையை ஓட்டிப் பார்த்த விவரத்தையும் மாற்றத்துடன் அனுப்பும் குறிப்பில் சேர்த்தோம். என் பார்வையில் அந்த ஒரு வரிக்குத்தான் எடை அதிகம்.

மார்த்தாண்டம் உறுப்பினர்:
எங்களுக்குக் காரணம் எளிதாகவே கிடைத்தது. சாதனத்துக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் இன்னும் தயாராகவில்லையென்றால் புரோப் -517 என்ற மதிப்பைத் திருப்பும். பிறகு மீண்டும் முயல்க என்பதே அதன் பொருள். எங்கள் டிரைவரோ அதையும் பிழையென்று பதிவு செய்ததால், பெட்டி தொடங்கும்போதெல்லாம் பொய்யான பிழைச்செய்தி தோன்றியது. 2020இல் லினக்ஸ் கெர்னல் 5.9 பதிப்பில் வந்த, இந்த மதிப்பைப் பிழையென்று பதியாத டெவ்_எர்_புரோப் ஃபங்ஷனுக்கு மாறியதும் அது நின்றது. புரோப் தள்ளிப்போனதற்கான காரணமும், கெர்னலின் உள்விவரங்களைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் காணக் கிடைத்தது. முன்னும் பின்னுமான பதிவுகளை இணைத்து அனுப்பினோம், யாரும் கேள்வி கேட்கவில்லை.

தக்கலை உறுப்பினர்:
திரும்பி வந்த சுட்டி பிழையா என்று பார்க்கும் ஐஎஸ்_எர்ருக்கு உள்ளேயே, இது அரிதாகவே நடக்கும் என்று கம்பைலருக்குச் சொல்லும் அன்லைக்லி இருப்பதால், வெளியே மீண்டும் அதைப் போடுவது வீண்தான். ஆனால் பல டிரைவர்களில் அதை ஒரே மூச்சில் நீக்கி நாங்கள் அனுப்பிய திருத்தங்களை, எந்தச் சாதனத்தில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டு, கெர்னலில் அவற்றைக் கவனிக்கும் பராமரிப்பாளர் திருப்பிவிட்டார். பழைய நிலையான வெளியீடுகளுக்கு உண்மையான திருத்தங்களைக் கொண்டுசெல்லும்போது இத்தகைய மாற்றங்கள் குறுக்கே நிற்கும் என்பது அவர் வாதம், அது நியாயமே. இப்போது ஒரு டிரைவரில் வேறு வேலை வரும்போது மட்டும், அதனுடன் தனித் திருத்தமாக இதையும் அனுப்புகிறோம்.