பழைய மர ரயில் பெட்டியின் எண் எங்கே இருக்கும்?

தக்கலை பக்கம் எங்கள் தென்னைவிளையில் ஒரு பழைய ரயில் பெட்டி கிடக்கிறது. சக்கரம் இல்லை, இரும்பு அடிச்சட்டம் இல்லை, வெறும் மரக்கூடு. எழுபதுகளின் கடைசியில் பாட்டா ஏலத்தில் எடுத்து, தேங்காய் போட்டுவைக்க லாரியில் கொண்டுவந்தாராம். ரசீது கிடையாது.

அகலம் 9 அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் உள்ள குறுகிய பாதை) பெட்டிதான். குழப்பமே அங்கேதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல், அதுவும் அகலப்பாதையில். 1981இல் வந்த திருநெல்வேலிப் பாதையும் அப்படியே. ஆக, இது வெளியில் எங்கோ ஓடிய பெட்டி. திருவனந்தபுரம் - கொல்லம் பாதையை 1976இல் அகலப்படுத்தினார்கள். அப்போது கழித்துவிட்டதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பெயிண்டைச் சுரண்டியதில் வெளிப்பக்கம் ‘எஸ்.ஐ.’ வரை தெரிகிறது, மீதிப் பலகை செல்லரித்துவிட்டது. அது தென்னிந்திய ரயில்வே எழுத்து என்றால், அந்த ரயில்வே தெற்கு ரயில்வேயோடு சேர்ந்த 1951க்கு முந்தைய பெட்டி. தயாரிப்புத் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும். ஓய்வுபெற்ற ரயில்வே அண்ணாச்சிகள் சிலரிடம் கேட்டேன், ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். ஒரு அலுவலகத்துக்குக் கடிதமும் போட்டேன், பதிலில்லை.

தகடு போன இந்த மாதிரி மரப் பெட்டிகளில், எண்ணை வேறு எந்த இடத்தில் பொறித்திருப்பார்கள்?