உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) கேஸ்: வார்டில் பார்த்ததைப் பகிருங்க

மெடிசின் பிஜி, கோவை:
ஐப்பசி மழைக்கு அப்புறம் மாசி வரைக்கும் சத்தி, அந்தியூர், மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஆடு மேய்க்கிறவங்க, மஞ்சக்காட்டு வேலைக்குப் போறவங்க ஒரு வாரக் காய்ச்சல், தலைவலியோட வருவாங்க. டெங்கு நெகட்டிவ்னா அதோட விட்டுடாதீங்க. உடம்பு முழுக்கப் பொருக்கு (பூச்சி கடிச்ச இடத்துல வர்ற காய்ஞ்ச புண்ணு) தேடுங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி நடுவுல கருப்பு, சுத்திலும் சிவப்பு, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனாலதான் "புண்ணு ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டா "ஒண்ணுமில்லீங்க"ன்னுடுவாங்க. ஸ்கிரீன் போட்டு, பெண்களுக்குப் பெண் ஸ்டாஃபை வச்சு, அக்குள், மார்புக்கு அடி, பாவாடை நாடா கட்டுற இடம், அரைஞாண் கயித்துக்குக் கீழ, தொடையிடுக்கு, காதுக்குப் பின்னாலன்னு வரிசையாப் பாருங்க. ஈரமான இடத்துல கருப்பு உதிர்ந்து மஞ்சளா ஆழமில்லாத புண்ணாத் தெரியும். நிறைய பேர் தவறவிடுறது இங்கதான். பொருக்கு இல்லேன்னா நோய் இல்லேன்னும் சொல்ல முடியாது.

உண்ணிக் காய்ச்சலைக் கொண்டு வர்றது செல்லுக்குள்ள வாழ்ற கிருமி. வழக்கமாப் போடுற செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் போட்டாலும் கேட்காது. சந்தேகம் வலுவா இருந்தா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்ஸிசைக்ளின் ஆரம்பிங்க. நிலைமை மோசமா இருந்தா டாக்ஸியும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்புல போடுறது ஒரு மருந்தைவிட மேல்னு 2023-ல் வந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு காட்டுச்சு. இந்தியாவிலேயே நடந்த ஆய்வு அது.

மைக்ரோபயாலஜி லேப், சேலம்:
ஐஜிஎம் எலைசா (ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் பார்க்கிற டெஸ்ட்) முதல் 5 நாளுக்குள்ள நெகட்டிவ் வரலாம். வெயில்-ஃபெலிக்ஸ்ங்கிற பழைய ரத்த டெஸ்ட்டோட நெகட்டிவை நம்பி நோய் இல்லேன்னு முடிவு கட்டாதீங்க. பொருக்கையே எடுத்து அனுப்பினா பிசிஆர் பண்ணலாம்.

டைபாய்டும் சந்தேகமா இருந்தா, ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு கையிலயும் தனித்தனியா பிளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) எடுங்க. பெரியவங்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேணும்; 3 மி.லி. அனுப்பினா இருக்கிற கிருமியும் வளராமப் போகும். மூடியை ஸ்பிரிட்டால துடைங்க. ராத்திரி எடுத்த பாட்டிலைத் தயவுசெஞ்சு ஃபிரிட்ஜில் வைக்காதீங்க.

வார்டு சிஸ்டர், ஈரோடு:
டாக்ஸி 100 மி.கி., காலையும் ராத்திரியும், 7 நாள். ஒரு வாய் தண்ணியில முழுங்கிட்டு உடனே படுத்தா மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கிடும். சாப்பிட்டதும் முழு டம்ளர் தண்ணியோட குடுத்து அரை மணி நேரம் உட்கார வைங்க. பால், இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை கூடவே வேண்டாம். 2 மணி நேரம் இடைவெளி விடுங்க. கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின்தான்.

பெரும்பாலும் 48 மணி நேரத்துல காய்ச்சல் விட்டுடும். விடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற நோயோ சிக்கலோ இருக்கும். மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 24-க்கு மேல போனா ஆக்சிஜன் அளவு பார்த்துட்டு, ராத்திரின்னாலும் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டுடுங்க.