பரங்கிக் கொடி தழதழவென்று படர்கிறது, பிஞ்சு நிற்கவில்லை: என்ன உரம் போடலாம்?

கேள்வி:
வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் ஒரே குழியில் இரண்டு பரங்கிக் கொடிகள், விதை ஊன்றி 52 நாள். 3 மீட்டர் தாண்டிப் படர்ந்துவிட்டன. இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி, கரும்பச்சை. ஆண் பூ தினமும் ஏழெட்டு. பெண் பூ இதுவரை ஐந்துதான், ஐந்து பிஞ்சும் மஞ்சளாகி விழுந்துவிட்டன. குழியில் மக்கிய சாணம் 10 கிலோ போட்டேன். 20, 35ஆம் நாள்களில் ஒவ்வொரு கைப்பிடி யூரியா. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். இப்போது டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கொடுக்கலாமா, சாம்பல் போடலாமா?

பதில் 1:
டிஏபி வேண்டவே வேண்டாம். உங்கள் கொடிக்கு உரம் குறையவில்லை, கூடிவிட்டது. கைப்பிடி யூரியா என்பது சுமார் 40 கிராம். இரண்டு தடவைக்கு 80 கிராம், அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 37 கிராம். ஒரு குழிக்கு மேலுரமாக 30ஆம் நாள் 10 கிராம் தழைச்சத்து போதும், யூரியாவாக 22 கிராம், இரண்டு மேசைக்கரண்டி. புண்ணாக்கிலும் தழைச்சத்துதான் அதிகம். பூவுக்கு நல்லது என்று நம்பி ஊற்றுகிறோம், அது இலைக்கே போகிறது. டிஏபியிலும் 18 சதவீதம் தழைச்சத்து உண்டு.

யூரியா, புண்ணாக்கு இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். பிறகு ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: பிஞ்சு எப்போது மஞ்சளாகிறது? பூ விரிவதற்கு முன்பே என்றால், கொடியால் அதைத் தாங்க முடியவில்லை, அல்லது தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி. விரிந்து மூன்று நான்கு நாள் கழித்து பூ முனையிலிருந்து சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. விழுந்ததைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கேட்டவர்:
விரிந்த நான்காம் நாள்தான் மஞ்சளாகிறது. நறுக்கினேன், புழு இல்லை. பழைய இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. போராக்ஸ் (போரான் சத்துள்ள உப்பு) தெளித்தால் பிஞ்சு நிற்கும் என்கிறார்களே?

பதில் 2:
ஓரம் காய்ந்திருக்கும்போது போராக்ஸ் தெளிக்காதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலும் இதே மாதிரி இலை ஓரம் கருகும், பிறகு எது எதனால் என்றே தெரியாது. இப்போதைய கருகல் பெரும்பாலும் உர உப்பு. வடிகால் நன்றாக இருந்தால் இரண்டு நாள் காலையில் குழி நிறையத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அதன்பின் மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் பாய்ச்சினால் போதும்.

பிஞ்சு நிற்பதற்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்புதான். பூ விடியலில் விரிந்து வெயில் ஏறினால் கூம்பிவிடும், அதனால் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்தெறிந்தால் நடுவில் மஞ்சள் தண்டு நிற்கும். தொட்டால் விரலில் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள். பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் அந்தத் தண்டைத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் காய் கோணலாக வளரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுப்பது நல்லது. மழையில் நனைந்த பூ உதவாது.

பிடித்ததா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு பளபளப்பு குறையாமல் நாளுக்கு நாள் பருக்கும்.

பதில் 3:
நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடி வந்து பெண் பூ கூடும், அதையும் செய்யலாமே.

பதில் 1:
பொதுவாகச் சரிதான். ஆனால் இந்தக் கொடியில் தழைச்சத்து நிறைந்து கிடக்கிறது, இப்போது கிள்ளினால் பக்கக் கொடியெல்லாம் இலையாகத்தான் தள்ளும். புதுத் தளிரின் வேகம் தணியட்டும், இரண்டு வாரம் கழித்துக் கிள்ளலாம்.

சாம்பல் போடலாம், விறகுச் சாம்பல் மட்டும். குழிக்கு இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகத் தூவி மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் பட்டை வெந்துவிடும், உறிஞ்சும் வேரும் அங்கே இல்லை. யூரியா போட்ட பத்து நாளுக்குள் சாம்பல் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். உங்களுக்கு 17 நாள் ஆகிவிட்டது, பயமில்லை. மண் ஏற்கனவே களர் (காரத்தன்மை மிகுந்தது) என்றால் சாம்பலை விட்டுவிட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரம் 15 கிராம் போடுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. புண்ணாக்கை மறுபடி எப்போது தொடங்கலாம்?

பதில் 1:
கொடிக்கு இரண்டு காயாவது எலுமிச்சை அளவைத் தாண்டிய பிறகு. 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை கொடிக்கு ஒரு லிட்டர். அதற்குள் அடி இலைகள் வெளிறினால் முன்னதாகவே கொடுக்கலாம், கரும்பச்சை மாறாமல் இருந்தால் இன்னும் பொறுங்கள்.