தம்பி இடுப்பில் ஸ்டெண்ட்: வயிற்றைத் திறந்து தைத்திருக்க வேண்டாமா?

சுங்கை சிப்புட் அக்கா:
போன மாதம் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சரிந்து, தம்பி டிரெய்லருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு. இடுப்பைச் சுற்றி அகலப் பட்டை இறுக்கி, ரத்தம் ஏற்றிக்கொண்டே ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொடை மடிப்பில் சின்னத் துளை போட்டு, உள்ளே கிழிந்த பெரிய நரம்பில் உறை போட்ட ஸ்டெண்ட் (குழாய்க்குள் விரிந்து நிற்கும் வலைக்குழல்) வைத்தார்களாம். "ஸ்டெண்ட் நெஞ்சுக்குத்தானே? தைக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று மாமா சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ரத்தம் கொட்டியவனுக்கு இப்போது ரத்தம் உறையாத மருந்து வேறு. இதெல்லாம் சரியா?

ஓய்வுபெற்ற மிஸி (தாதி), தைப்பிங்:
தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வை. தைக்காதது அலட்சியம் இல்லை. அது நரம்பு அல்ல, சிரை. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய். சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு. அதனால் சுற்றித் தேங்கிய ரத்தமே கிழிசலை ஓரளவு அழுத்திப் பிடித்திருக்கும். வயிற்றைத் திறந்தால் அந்தப் பிடி போய், ரத்தம் குபுகுபுவென்று வரும். கிழிசலோ இடுப்பின் அடியாழத்தில். இடது பக்கம் என்றால் வலது காலுக்குப் போகும் தமனி அதன்மேல் குறுக்கே கிடக்கும். சிரையைக் கட்டிவிடுவதும் உண்டு, ஆனால் கால் வீங்கும். உறை போட்ட ஸ்டெண்ட் கிழிசலை உள்ளிருந்து மூடி, ரத்தம் போக வழியும் விடுகிறது. அடிக்கடி செய்கிற சிகிச்சை இல்லை இது. அவசரத்தில் துணிந்து செய்திருக்கிறார்கள்.

சுங்கை சிப்புட் அக்கா:
இடது பக்கம்தான் மிஸி. நடந்தால் நகர்ந்துவிடாதா?

ஓய்வுபெற்ற மிஸி, தைப்பிங்:
நல்ல கேள்வி. ரத்தம் இழந்தவருக்குச் சிரை சுருங்கியிருக்கும். அந்த அளவுக்கே ஸ்டெண்ட் வைத்தால், பிறகு சிரை விரியும்போது அது தளர்ந்து இதயப் பக்கம் போய்விடலாம். அதனால்தான் கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள். என்ன அளவு வைத்தார்கள், அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டு எழுதி வை. மருந்து, ஸ்டெண்டில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான். கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே. இடது கால் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மலம் கறுத்தாலோ உடனே எமர்ஜென்சிக்கு ஓடு.

முன்னாள் கிராணி (எழுத்தர்):
வேலை நேரத்தில் நடந்ததா? சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனு போட்டாயிற்றா, அக்கா? மருத்துவ அறிக்கையில் ஸ்டெண்ட் வைத்ததும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுங்கை சிப்புட் அக்கா:
வேலை நேரம்தான் அண்ணே, நாளைக்கே போகிறேன். மிஸி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தோசை சாப்பிட்டார்.